எழுபத்திரண்டும் எழுபத்தாறும்

இடது கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சக்கரம், வலது கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு சக்கரம். இரண்டும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டு நகங்களையும் மூக்குக்கு நேரே கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து இந்தக் கண்ணை மூடிக்கொள்கிறார். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று மூச்சையும் பிடித்து வைத்திருக்கிறார். கடைசியில் "ம்ஹூம்" என்று வாயைத் திறக்கும்போது இடது சக்கரம் பறந்தே போகிறது. மேஜைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடுகிறார். அங்கிருந்தே தீர்ப்பும் வருகிறது.

"ரெண்டும் சரியில்ல சார். ஆனா ரெண்டும் வேற வேற மாதிரி சரியில்ல."

தொழில், பல்செட் கட்டுவது. பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு செருப்புக்கடையின் மாடியில் உட்கார்ந்து பல் செய்து அனுப்புவார். உட்கார்ந்து என்பது பேச்சுக்குச் சொல்வதுதான். அந்த அறையில் அவருடைய நாற்காலி மேல் எப்போதும் மாவுக் கட்டி அச்சுகள்தான் உட்கார்ந்திருக்கும், அவர் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருப்பார். என் வாயில் வலது பக்க மேல் வரிசையில் ஒரு பல் அவர் செய்தது. அதோடு எதிர்வீட்டுக்காரரும்கூட. அதனால் என்னிடம் பேசும்போது என் கண்ணைப் பார்க்க மாட்டார், அந்தப் பல்லைத்தான் பார்ப்பார். பேச்சு நடுவில் "சார், கொஞ்சம் கடிங்க" என்பார். மாடிப்படியில் நின்றுகொண்டு நான் கடித்துக் காட்டியிருக்கிறேன்.

உடன் வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒரசல்'. எதைக் கையில் கொடுத்தாலும் சின்ன அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. ஒரு முறை நான் புது வீட்டுச் சாவியைக் காட்டினேன். "பல்லு ஒண்ணு தூக்கலா இருக்கு" என்று இழுத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

பல் வயிற்றுக்கு என்றால், டாங்கி மனத்துக்கு. பழைய பிளாஸ்டிக் போர் டாங்கிப் பொம்மைகள், அதுவும் ஆகச் சிறிய அளவில் வந்தவை. தட்டையான அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் கிளைகளில் துண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற டாங்கி ஒன்று கிடைக்கும். பெட்டியின் மேல் 'பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்று போட்டிருக்கும். மேற்பட்டோர் என்றால் எவ்வளவு தூரம் மேற்படலாம் என்று போட்டிருக்காது. இவருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

புதிதாக வருகிறவற்றை அவர் தொடுவதில்லை. "புதுசுல என்ன சார் இருக்கு? எல்லாம் கம்ப்யூட்டர் வரைஞ்சு குடுக்குது. தப்பே இருக்காது. தப்பே இல்லாததுல எதப் போயி ஒப்பிடறது?" அவருக்கு வேண்டியது அந்தக் காலத்துச் சரக்கு. அச்சு தேய்ந்து போய் ஓரமெல்லாம் பிசிர் தள்ளியிருக்க வேண்டும். கெட்டியான இடத்தில் பிளாஸ்டிக் உள்வாங்கிக் குழி விழுந்திருக்க வேண்டும். முன் விளக்கு விளக்கு மாதிரி இல்லாமல் ஒரு பரு மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்குப் பசியெடுக்கும். எப்போதும் இரண்டாகத்தான் வாங்குவார். ஒரே டாங்கி, இரண்டு கம்பெனி. ஒன்று மட்டும் கிடைத்தால் அதைப் பிரிக்காமல் வைத்திருப்பார், ஜோடி வரும் வரைக்கும்.

கம்பெனிகளுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். பெட்டி மூலையில் மீன் போட்டிருந்தால் மீன்காரன், நரி போட்டிருந்தால் நரிக்காரன். இரண்டு கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள். ஆனால் இவர் பேசுவதைக் கேட்டால் இரண்டு பேரும் அடுத்த தெருவில் கடை வைத்திருக்கிறார்கள், போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்று தோன்றும். "மீன்காரன் இருக்கானே, உடம்ப ஒழுங்கா வார்ப்பான் சார். ஆணி ஆணியா தெரியும். சக்கரத்துக்கு வந்ததும் தூங்கிடுவான். நரிக்காரன் சக்கரம்தான் சக்கரம். ஆனா மேல கூண்டப் பாருங்க, அம்மை போட்ட முகம்."

ஒப்பிடுவதற்கு அவர் கையாளுகிற வழிகள் பல் தொழிலிலிருந்து வந்தவை. வாயில் அச்சு எடுக்கும் பசையைக் குழைத்து இரண்டு டாங்கிகளின் மேலே பீரங்கி மாட்டும் கூண்டையும் அதில் அழுத்துவார். அந்தப் பள்ளத்தில் மாவு ஊற்றி, காய்ந்ததும் குறுக்கே அறுத்து, வளைவு எங்கே தவறுகிறது என்று பார்ப்பார். அடுத்தது நீலக் காகிதம். பல் கட்டியவர்களுக்குத் தெரியும். பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, எங்கே அதிகம் இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காகிதத்தின் மேல் டாங்கியை நிறுத்தி விரலால் மெல்ல அழுத்துவார். நீலம் ஒட்டாத சக்கரம் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். "மூணாவது கடிக்கல சார்" என்பார், ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிற கவலையோடு.

பெட்டியை மட்டும் அவர் மதிப்பதில்லை. ஜோடி சேர்ந்ததும் முதல் வேலை, துண்டுகளைப் பல்செட் வைக்கிற சின்னத் தட்டுகளில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கிழித்துப் போடுவது. "பெட்டில பாருங்க, புகை பறக்குது, நெருப்பு பறக்குது, டாங்கி மலை மேல ஏறுது. உள்ள திறந்தா இத்துனூண்டு. பெட்டி பொய் சொல்லும் சார். பிளாஸ்டிக்கு பொய் சொல்லாது." இந்தக் கொள்கையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இன்னொரு கொள்கையும் உண்டு. இந்தச் சின்ன டாங்கிகளில் இரண்டு ஜாதி. அசலை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கியது ஒன்று, எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கியது இன்னொன்று. தள்ளி நின்று பார்த்தால் நமக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு அது கொலைக்குற்றம். "எழுபத்தி ரெண்டையும் எழுபத்தி ஆறையும் ஒரே தட்டுல வைக்கக்கூடாது சார். வச்சா பாவம்." தெருவில் இரண்டு பேர் சேர்ந்து போனால்கூட, "அவரு எழுபத்தி ரெண்டு, அவரு சம்சாரம் எழுபத்தி ஆறு" என்று காதோடு சொல்வார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, முடித்த டாங்கி ஒன்றைக் காட்டுங்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அலமாரியைத் திறந்து காட்டினார். தட்டு தட்டாக அடிப்பாகங்கள். சக்கரம் மாட்டியவை சில, கூண்டு இல்லாதவை பல, பீரங்கிக் குழல் இருப்பது ஒன்றுகூட இல்லை. சக்கரம் வந்ததும் ஒப்பிடுவார், ஒன்று தோற்கும். உடம்பு வந்ததும் ஒப்பிடுவார், மற்றது தோற்கும். இரண்டும் தோற்ற பிறகு எதை முடிப்பது? அதற்குள் அடுத்த ஜோடி தபாலில் வந்துவிடும்.

"எங்க வீட்ல டாங்கி இல்லீங்க, டாங்கியோட எலும்புதான் இருக்கு" என்கிறார் அவர் மனைவி. துணிக்கடை ஒன்றில் பேன்ட் நீளம் குறைப்பது, சட்டை இடுப்பைப் பிடிப்பது அவர் வேலை. வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே பேசப் பழகியவர், அதனால் சொல்வது எல்லாம் சுருக்கமாக இருக்கும். கணவர் ஒரு காலில் ஒரு கம்பெனி செருப்பும் மறு காலில் இன்னொரு கம்பெனி செருப்பும் போட்டுக்கொண்டு ஒரு மாதம் நடந்த கதையை அவர்தான் சொன்னார். டீ குடிக்கும்போது இரண்டு டம்ளரில் ஊற்றி, எது சீக்கிரம் ஆறுகிறது என்று பார்த்துப் பார்த்து இரண்டையும் ஆற விடுவாராம். "நல்லவேளை, எனக்குத் தங்கச்சி இல்ல. இருந்திருந்தா இன்னும் முடிவு பண்ணியிருக்க மாட்டாரு."

உட்கார்ந்து சாப்பிட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடப்பார். ஜன்னல் கண்ணாடியில் பழைய டாங்கி ஸ்டிக்கர்களை வெளிப்பக்கம் பார்க்க ஒட்டி வைத்திருப்பார், மஞ்சள் பூத்தது வெயிலில் வெளுக்கட்டும் என்று. ஒரு வாய் சாப்பாட்டுக்கு ஒரு முறை போய் வெளுத்துவிட்டதா என்று பார்ப்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று யாரையாவது சொல்லலாம் என்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சக்கரமும் சரியில்லை என்று அவரே சொல்வார்.

இவருக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். பட்டாளத்தில் டாங்கி ஓட்டினவர். பருத்த, அமைதியான மனிதர். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம், படுத்தால் படுத்த இடம். பட்டாளத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் வாய் திறந்ததில்லை. தம்பியிடம் அவர் ஆயுள் முழுக்கச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "டேய், ஒரு எடத்துல நில்லுடா." சின்ன வயதில் தலை சீவிவிடும்போது சொல்ல ஆரம்பித்தது, தம்பிக்குப் பேரன் வயதில் சொந்தக்காரப் பிள்ளைகள் வந்த பிறகும் விடவில்லை. டாங்கிப் பைத்தியம் தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று நான் துருவிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. லீவில் வந்த அண்ணனிடம் டாங்கி எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறான் பையன். "பெருசா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாராம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்?

போன மழைக்காலத்தில் அண்ணனுக்குத் தொண்டை கம்மியது. கம்மியது கம்மியபடியே இருந்தது. பரிசோதித்துவிட்டு டாக்டர் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் இந்தக் குரல் இனி இருக்காது. பிற்பாடு பழகிக்கொண்டால் கருவி வைத்து ஏதோ ஒரு மாதிரிப் பேசலாம். "சொல்ல வேண்டியதெல்லாம் முன்னாடியே பேசிப் பதிவு பண்ணி வச்சுக்குங்க" என்று அனுப்பினார்.

தொலைவில் வேலை பார்க்கிற மகள் போனில் அழுதாள். அப்பா குரலில் ஏதாவது வேண்டும், எதுவானாலும் சரி, பட்டாளத்துக் கதை சொன்னால் ரொம்ப நல்லது என்றாள். அண்ணன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "வெறுங்கையை வச்சுக்கிட்டு என்னத்தப் பேச? ஓட்டுனவன் கையில ஏதாவது இருந்தாத்தான் வாய் வரும்." பிறகு தம்பியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "நீதான் வருஷக்கணக்கா டாங்கி டாங்கின்னு அலையறியே. நான் ஓட்டுனத ஒண்ணு முடிச்சுக் குடு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பேசிடறேன்."

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள் என்று இவரை யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வாரம் நான் பார்த்தது வேறு மனிதரை. அண்ணன் ஓட்டிய அதே டாங்கி, மீன்காரனிடமும் இருந்தது, நரிக்காரனிடமும் இருந்தது. இரண்டும் தட்டுகளில் கொட்டி ரொம்ப நாளாகக் கிடந்தவை. மீன்காரனுடைய சக்கரங்கள் சூம்பிப் போனவை என்று பல மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தார். நரிக்காரனுடைய கூண்டு ஊதிப் போனது என்றும் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது திட்ட நேரமில்லை. மீன்காரனுடைய உடம்பு, மீன்காரனுடைய கூண்டு, நரிக்காரனுடைய சக்கரம், சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற நரிக்காரனுடைய பட்டை என்று முடிவு செய்தார். "ரெண்டு பேருகிட்டயும் நல்லத எடுத்துக்கறேன் சார். இதுக்கு மேல ஒரு டாங்கி கிடையாது." லேபில் பல் காயக் காத்திருந்தது, இவர் டாங்கிப் பட்டையின் முனைகளைப் பல்லுக்கு மெழுகு உருக்கும் கரண்டியைச் சூடாக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்து, விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. பச்சைப் பெயின்டில் இரண்டு பச்சையை வாங்கி வந்தார், ஒப்பிட ஆரம்பிக்கும் முன் மனைவி ஒன்றை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்கிற அன்று மத்தியானம் டாங்கி முடிந்தது. அவர் வாழ்க்கையில் முடிந்த முதல் டாங்கி. என்னைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கே கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் கூடத்தில் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். தம்பி மனைவி போனைத் தயாராக வைத்திருந்தார். கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி.

கொடுப்பதற்கு முன் நீலக் காகிதம் வைத்துப் பார்த்தார்.

பின் சக்கரம் கடிக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினார், கடிக்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தார். சக்கரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கடைசிச் சக்கரத்தை மேலே தள்ளியிருந்தன. பட்டை பின்பக்கம் அரிசி அளவு துருத்திக்கொண்டிருந்தது. "அவன் சக்கரம் சரியான சக்கரமாச்சே, ஏன் உக்காரல, ஏன் உக்காரல" என்று முனகிக்கொண்டே அறைக்குள் சுற்றினார். சுற்றும்போது மேஜையில் இடித்துக்கொண்டார். மேஜை ஆடியது. ஆடாமல் இருக்க மனைவி எப்போதோ அதன் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்துச் செருகியிருந்தார், அது வெளியே வந்து விழுந்தது. இந்த டாங்கி வந்த நரிக்காரன் பெட்டியின் ஓரம். அதில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது, எழுபத்திரண்டில் ஒன்று என்று.

மீன்காரனைப் போலவே நரிக்காரனும் எல்லாவற்றையும் எழுபத்தாறில்தான் வார்ப்பான். இந்த ஒரு டாங்கியை மட்டும் எழுபத்திரண்டில் வார்த்திருக்கிறான், பெட்டியில் அதைச் சொல்லியும் இருக்கிறான். பெட்டி பொய் சொல்லும் என்று இவர் கிழித்துப் போட்டார். மீன்காரன் சக்கரம் சூம்பவும் இல்லை, நரிக்காரன் கூண்டு ஊதவும் இல்லை. இரண்டு பேரும் அவரவர் அளவில் சரியாகத்தான் வார்த்திருந்தார்கள். இரண்டையும் ஒரு முறையாவது முழுதாக ஒட்டிப் பக்கத்தில் வைத்திருந்தால், ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று தெரிந்திருக்கும். துண்டு துண்டாகப் பார்த்தவருக்கு அது குறையாகத் தெரிந்தது.

"கழட்டிடறேன். ஒரு நாள் குடுங்க, கழட்டி மாத்திடறேன்" என்றார்.

"நாளைக்கு ஏதுங்க ஒரு நாள்?" என்று மனைவி டாங்கியை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "ஒருத்தன் சட்டைக்கு இன்னொருத்தன் கையை வச்சுத் தச்சாச்சு. போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

அண்ணன் டாங்கியை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். சக்கரத்தை அவர் பார்க்கவே இல்லை. முன்பக்கம் இருந்த ஒரு சின்னச் சதுரத்தின் மேல் சுண்டுவிரல் நகத்தை வைத்தார்.

"இங்கதான் என் தல இருக்கும்." குரல் தகரத்தில் மணல் போட்டது போல் இருந்தது. "என்னடா, மூடி வச்சிருக்க?"

"ரெண்டு கம்பெனிக்காரனும் மூடித்தான் வார்த்திருக்கான் அண்ணே."

"சரி. அப்ப நான் உள்ளதான் இருக்கேன்." மனைவி போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ள ஒரே சூடு, பாப்பா. முட்டி எங்க இடிக்கும்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். வெளியில எப்படி இருக்கும்னு அவ்வளவா பாத்ததில்ல..."

"அண்ணே, அந்தப் பின்சக்கரம் மட்டும் பாக்காதீங்க. அது எழுபத்தி ரெண்டு."

"இருக்கட்டும்டா. எங்க வண்டிலயே பாதி சாமான் அடுத்த வண்டிலேருந்து கழட்டிப் போட்டதுதான். ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போவும்."

"அது வேற அண்ணே. அதுல அளவு ஒண்ணு. இது நூத்துக்கு அஞ்சு பெருசு. இருங்க, காட்டறேன்."

போய் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். அண்ணன் பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், இவர் நடுவில் புகுந்து சக்கரத்தைக் காட்டினார். அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார், இவர் அளவுகோல் தேட எழுந்தார். எனக்குக் கோபம் வந்தது. எண்ணி எடுத்துச் செலவழிக்க வேண்டிய குரல் அது, இந்த மனிதர் அதை மிதித்துக்கொண்டு நடக்கிறாரே என்று கையைப் பிடித்து இழுக்கக்கூடப் பார்த்தேன். அவர் கை வியர்த்துச் சில்லென்று இருந்தது. அப்போதுதான் புரிந்தது, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை என்று. விட்டுவிட்டேன். அவர் உள் அறைக்குப் போய் இழுப்பறைகளை உருட்ட ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் அதைச் சொன்னார்.

"டிரைவர் கீழ, கமாண்டர் அவன் முதுகுக்குப் பின்னாடி மேல நிப்பாரு. பேசறதுக்குக் காதுல கருவி உண்டு. அது பாதி நாள் வேலை செய்யாது. எஞ்சின் சத்தத்துல கத்தினாலும் கேக்காது. அப்ப என்ன பண்ணுவாருன்னா, காலால பேசுவாரு. பூட்ஸ எடுத்து என் இடது தோள்ல வச்சா இடது பக்கம் திருப்பணும். வலது தோள்ல வச்சா வலது. முதுகுல ஒரு உந்து உந்துனா போ. தலை மேல வச்சா நில்லு. முதல்ல எனக்கு அவமானமா இருந்துச்சு, என்னடா இவன் காலத் தூக்கித் தலைல வைக்கிறானேன்னு. அப்புறம் ஒரு நாள் புழுதில ஒண்ணுமே தெரியல. தலைல கால வச்சு அழுத்தினாரு. நின்னுட்டேன். புழுதி அடங்கிப் பாத்தா, முன்னாடி தரையே இல்ல. பள்ளம். அதுக்கப்புறம் அந்தக் கால் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருப்பேன். தலைல அது பட்டாத்தான் யாரோ பாத்துக்கறாங்கன்னு இருக்கும்."

உள் அறையிலிருந்து இழுப்பறை கவிழ்கிற சத்தம் கேட்டது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, "டேய், ஒரு எடத்துல நில்லுடா" என்றார். பதிவு அதோடு முடிகிறது.

அறுவை சிகிச்சை நடந்த நேரம் முழுக்க இவர் ஆஸ்பத்திரி நடைகூடத்தில் நடந்துகொண்டிருந்தார். இரண்டு தண்ணீர்க் குழாய்களில் எதில் வேகமாக வருகிறது என்று பார்த்தார். இரண்டு லிஃப்டுகளையும் மாறி மாறிக் கூப்பிட்டு, எது முதலில் வருகிறது என்று பார்த்தார். நர்ஸ் வந்து இரண்டு முறை அதட்டினார். பொறுக்க முடியாமல் மனைவி போனை எடுத்து அந்தப் பதிவை ஓட விட்டு, அவர் காதில் வைத்து, "நீங்க பேசாம கேக்க வேண்டியது இது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். நடந்தபடியே கேட்டார். முடிந்ததும் முதலிலிருந்து கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். பாதிக்கு மேல் அதில் இவருடைய குரல்தான், எழுபத்திரண்டு, எழுபத்தாறு என்று. அதைக் கேட்டபோது முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

சில நாள் கழித்து நான் பார்க்கப் போனபோது அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றிக் கட்டு, நடுவில் ஒரு குழாய். மருந்து வைக்கிற சின்ன மேஜையில் அந்த டாங்கி இருந்தது, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு. தம்பி கையில் இரண்டு எழுதுபலகைகள். அண்ணன் எழுதிக் காட்டுவதற்கு வாங்கி வந்தவை. ஒன்று பேனாவால் எழுதித் துடைப்பது, இன்னொன்று குச்சியால் எழுதி மேல் தாளைத் தூக்கினால் அழிந்துவிடுவது.

"இது பளிச்சுன்னு தெரியுதுண்ணே. ஆனா பேனா காஞ்சிடும். இது காயாது, ஆனா வெளிச்சத்துல தெரியல. நேத்து வேற ஒண்ணு பாத்தேன், அது இதவிடக் கனம் கம்மி. ரெண்டும் சரியில்ல. நான் வேணா போயி..." ஜன்னலுக்குப் போனார், வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார், வந்தார். எழுதிக் காட்டினார், அழித்தார், இன்னொன்றில் எழுதினார். அண்ணனின் கண்கள் அவரோடு போய்ப் போய் வந்தன. வாய் ஒரு முறை திறந்தது. காற்றுதான் வந்தது, அதுவும் வாயிலிருந்து வரவில்லை, கழுத்துக் குழாயிலிருந்து வந்தது. தம்பி மனைவி முந்தானையைத் தேடினார்.

பேனா மூடி கீழே விழுந்து அண்ணனின் நாற்காலிக்கு அடியில் உருண்டது. தம்பி மண்டியிட்டு, பேசிக்கொண்டே, கையை விட்டுத் துழாவினார். "போற வழியில ஒரு கடை இருக்குண்ணே, இன்னொரு தினுசு வச்சிருக்கான், ரெண்டையும் வச்சுப் பாத்துட்டு..."

அண்ணன் வலது கையைத் தூக்கினார். ஊசி குத்தி வீங்கிய கை, மெதுவாகத்தான் வந்தது. விரல்களை நன்றாக விரித்து, நரைத்த அந்தத் தலையின் உச்சியில் வைத்து, அழுத்தினார்.

தம்பி நின்றார்.